கறியும் மிளகும் மிளகாயும்

குடும்பச் செலவைப் பற்றிப் பேச வருபவர் ‘உப்பு, புளி, மிளகாய்’ என்று தொடங்குவது தமிழ் வழக்கு. அரிசியும் பருப்பும்கூட அதற்குப் பின்னரே வரும். கேட்பவர் செவிக்கு இம்மூன்றும் ஒரே வயதுடையனவாகவும், ஒரே அடுப்படியில் ஒன்றாகப் பிறந்து வளர்ந்தனவாகவும் தோன்றும். ஆயின், உப்பு சங்கப் பாடல்களில் உமணர் வண்டியேறி வருகிறது. புளியும் அப்பாடல்களில் உண்டு. மிளகாய் மட்டும் இல்லை. சங்க நூல்களில் மட்டுமன்று, காப்பியங்களில் இல்லை. பல்லவர், பாண்டியர், சோழர் காலக் கல்வெட்டுகளில் இல்லை. வள்ளுவரும் இளங்கோவும் கம்பரும் நாவில் வைத்தறியாத காய் அது.

புளியின் கதையும் சற்று வியப்பானதே. புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்பது தாவரவியலார் துணிபு. ஆனால் அது இந்நாட்டுக்கு வந்த காலம் மிகப் பழையது. அரேபியர் அதற்கு ‘இந்தியப் பேரீச்சை’ எனப் பொருள்படும் ‘தமர் ஹிந்தி’ என்ற பெயரையே சூட்டினர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அதற்கு வழங்கும் பெயரும் அதன் வழிவந்ததே. வந்தேறிய மரம், வந்து சேர்ந்த நாட்டின் பெயரையே தன் பெயராக உலகுக்கு அறிவித்துக்கொண்டது. மிளகாயின் கதை இவ்வளவு பழையதன்று. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டது. ஆதலால் அது நடந்து வந்த தடங்கள் இன்னும் அழியவில்லை. அத்தடங்கள் பெரும்பாலும் சொற்களில் உள்ளன.

மிளகாய் வருவதற்கு முன் தமிழர் உணவுக்கு உறைப்பு எங்கிருந்து கிடைத்தது? இஞ்சி உண்டு, கடுகு உண்டு, திப்பிலி உண்டு. ஆயினும் தலைமை மிளகுக்கே. சங்கப் புலவர்கள் மிளகைக் ‘கறி’ என்றனர். குறிஞ்சிப் பாடல்களில் கறிக்கொடி படர்ந்த மலைச்சாரல் மீண்டும் மீண்டும் வருகிறது. யவனரின் நன்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து முசிறித் துறையில் இறக்கிவிட்டுக் கறியை ஏற்றிச் சென்ற செய்தியை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றின் 149ஆம் பாடலில் பதிந்து வைத்தார். புறநானூற்றின் 343ஆம் பாடலில் பரணர் காட்டும் முசிறியில் வீடுகள்தோறும் கறிமூடைகள் குவிந்து கிடக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தின் தெருவில் குவிந்த பண்டங்களைப் பட்டினப்பாலை அடுக்கிச் சொல்லும்போது கரிய மிளகு மூடைகளும் அவற்றுள் இடம்பெறுகின்றன. மதுரைக் கூல வீதியைக் காட்டும் இளங்கோவடிகளும் மிளகு மூடைகளை மறக்கவில்லை.

மிளகுக்கு இன்னொரு பெயரும் அக்காலத்தில் வழங்கியது. பெரும்பாணாற்றுப்படை அதனை ‘மிரியல்’ என்கிறது. பலா மரத்தின் அடிப்பகுதியில் காய்த்துத் தொங்கும் பெரும்பழங்களைப் போல, முதுகின் இருபுறமும் ஒத்த பாரமாக மிளகுப் பொதிகளைத் தாங்கிய கழுதைகள் வரிசையாகச் செல்கின்றன. சுமந்து சுமந்து அவற்றின் முதுகில் தழும்பேறியிருக்கிறது. அவை செல்லும் பெருவழியில் சுங்கம் உண்டு. அதனைக் காக்க வில்லேந்திய வீரர் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரைந்த இச்சித்திரத்தில் வரலாற்றுக்கு வேண்டிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. மிளகு மலையில் விளைவது. சமவெளித் தமிழனுக்கு அது தன் கொல்லையில் பறிக்கும் பண்டமன்று. கழுதைச் சுமைக்கும் சுங்கத்துக்கும் சேர்த்து விலை கொடுத்துப் பெறவேண்டிய பண்டம்.

அதே நூலில் ஒரு சமையல் முறையும் கிடைக்கிறது. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் அந்தணர் இல்லத்தில் எதை உண்பான் என்று புலவர் கூறுகிறார். பறவையின் பெயர் கொண்ட நெல்லின் சோறு. சிவந்த பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சின் துண்டுகள். அவற்றோடு கலந்த கறி, அதாவது மிளகு. கஞ்சகத்தின் நறிய இலை. இவற்றுக்குத் துணையாக மாவடு ஊறுகாய். கஞ்சகம் என்பது கறிவேம்பு. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய இந்தப் பொரியலை இன்று எந்த வீட்டிலும் செய்துவிடலாம். வெண்ணெய், மிளகுத்தூள், கறிவேப்பிலை ஆகிய மூன்றும் சேர்ந்த மணம் தமிழருக்கு அந்நியமானதன்று. மாதுளம் பிஞ்சைக் கறியாக்கும் வழக்கந்தான் மறைந்துவிட்டது. மாதுளையின் பசுங்காய் சிலப்பதிகாரத்திலும் இருக்கிறது. மாதரி கண்ணகிக்குச் சமைக்கக் கொடுத்தவற்றுள் வெள்ளரி, மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி ஆகியவற்றோடு அதுவும் ஒன்று. கோவலனின் கடைசி உணவில் மிளகாய்க்கு இடமில்லை.

குறுந்தொகையின் 167ஆம் பாடலைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர். முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் நிறைய, தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்டபோது நுட்பமாக முகம் மலர்ந்தாள் ஒரு பெண் என்று கூடலூர் கிழார் பாடினார். தாளிப்பை அன்று ‘குய்’ என்றனர். இப்பாடலைப் படிக்கும் இக்காலத்தவரின் மூக்கில் எழுவது பெரும்பாலும் காய்ந்த மிளகாய் எண்ணெயில் கருகும் நெடியே. கண் கலங்குகிறது என்றால் மிளகாய்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று மனம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. அப்பெண்ணின் அடுக்களையில் அந்த நெடி எழுந்திருக்க வழியில்லை. சங்ககாலத்துத் தலைவியை அம்மியில் மிளகாய் அரைக்கவிடும் வரலாற்றுப் புதினங்களுக்குக் குறைவில்லை. அங்கே வழுக்குவது எழுதுவோரின் புலமை மட்டுமன்று, ஒரு காய் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதற்கும் அதுவே சான்று.

கறி என்ற சொல்லுக்கு அன்றே இன்னொரு பொருளும் இருந்தது. கறித்தல் என்பது கடித்து மெல்லுதல். சோற்றோடு சேர்த்துக் கடித்துண்ணும் துணையுணவும் கறி எனப்பட்டது. சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் ஒருநாள் கபிலரின் கையைப் பற்றி, ‘உம் கை மென்மையாக இருக்கிறதே’ என்று வியந்தானாம். வில்லேந்தியும் யானையை அடக்கியும் தேர்க்குதிரையை இழுத்துப் பிடித்தும் காய்ப்பேறிய கை மன்னனுடையது. புலவர் விடை சொன்னார்: நின்னைப் பாடுவோரின் கைகள் ஊனும் துவையலும் கறியும் சோறும் உண்டு வருந்துவதன்றி வேறு தொழில் அறியமாட்டா, ஆதலால் அவை மெல்லியன. புறநானூற்றின் 14ஆம் பாடல் இது. கவிதை எழுதும் கைக்கு இவ்வளவு நயமான விளக்கம் பிறகு எவரும் தந்ததாகத் தெரியவில்லை. அங்கே கபிலர் கூறும் கறி மிளகன்று. சோற்றுக்கு உற்ற துணை. ஒரே சொல் மலையில் கொடியாகவும் இலையில் உணவாகவும் இருந்த காலம் அது.

இவ்விரண்டு பொருளும் எப்போது பிரிந்தன என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு கோயிலில் நாள்தோறும் படைக்கவேண்டிய அமுதைப் பட்டியலிடுகிறது. அங்கே கறி என்பது முழுக்க முழுக்க உணவே. காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று அது வகைப்படுகிறது. அவற்றுக்கு இடும் காயங்களோ மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தம்பரி ஆகியவை. கறி என்ற பெயரை உணவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அக்கொடியின் மணி ‘மிளகு’ என்ற பெயரோடு நின்றுவிட்டது. சோழர் கல்வெட்டுகளிலும் கறியமுது, நெய்யமுது, தயிரமுது, மிளகமுது, அடைக்காயமுது என்று ஒவ்வொன்றும் அமுது என்னும் ஈறு பெற்று வருகின்றன. இக்கல்வெட்டு மொழி கல்லோடு நின்றுவிடவில்லை. வைணவர் இல்லங்களில் கறியமுது, சாற்றமுது, திருக்கண்ணமுது என்ற சொற்கள் அடுக்களைப் பேச்சாகவே தொடர்கின்றன. சோழர் காலக் கணக்கனின் சொல்லை அறியாமலேயே ஆண்டுவருகிறது ஒரு சமையலறை.

கறியின் பொருள் அதன் பின்னும் ஓய்ந்துவிடவில்லை. ஒரு வீட்டில் கறி என்றால் ஆட்டிறைச்சி; அடுத்த தெருவில் அதே சொல் வாழைக்காய்ப் பொரியலைக் குறிக்கும். ‘இன்று கறி எடுத்தார்களா’ என்ற கேள்வி எந்த வாசலில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் விடை மாறும். யாழ்ப்பாணத்தில் சோற்றுக்குத் துணையாவன எல்லாம் கறிகளே. ஈழத்திலும் குமரிப் பகுதியிலும் காய்களை மட்டும் குறிக்க ‘மரக்கறி’ என்று தனியே அடைகொடுத்துச் சொல்வர்.

மேலை நாட்டார் மிளகின்மேல் கொண்ட வேட்கையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருப்பதால் இங்கே சுருங்கச் சொன்னால் போதும். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி, உறைப்பைத் தவிர வேறொரு நலமும் இல்லாத இந்தப் பண்டத்துக்காக இந்தியாவரை போகவேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டார். அவர் தந்த விலைப்படி ஒரு இராத்தல் கருமிளகு 4 தினார்; வெண்மிளகு 7; திப்பிலி 15. கி.பி. 408இல் உரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக் என்னும் கோத்தியத் தலைவன் பொன், வெள்ளியோடு 3,000 இராத்தல் மிளகையும் திறையாகப் பெற்றான். எகிப்தின் செங்கடற்கரையில் பெரெனிகே என்னும் பழந்துறையில் 1999இல் அகழ்ந்தபோது, இந்தியாவில் வனைந்த பெருந்தாழி ஒன்றில் ஏறத்தாழ ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. தாயங்கண்ணனாரின் பாட்டுக்கு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சாட்சி அது.

இங்கே சொல்லாராய்ச்சிக்கு உரிய ஒரு செய்தி உண்டு. கிரேக்கர் மிளகுக்கு வைத்த ‘பெப்பெரி’ என்ற பெயர் மிளகின் பெயரன்று. அது ‘பிப்பலி’ என்ற வடசொல்லின் திரிபு. பிப்பலி என்பது திப்பிலி. முதலில் சென்ற உறைப்பின் பெயர் அடுத்துச் சென்ற உறைப்புக்கு ஒட்டிக்கொண்டது. இதே நிகழ்ச்சி மேலும் ஒருமுறை, இன்னும் பெரிய அளவில் நடக்கவிருந்தது.

1492இல் மிளகைத் தேடி மேற்கே கப்பலோட்டிய கொலம்பசு மிளகு விளையும் நாட்டை அடையவில்லை. அவர் கண்டது அங்கிருந்த மக்கள் ‘அஹி’ என்றழைத்த சிவந்த காய். 1493ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தம் நாட்குறிப்பில் அதனை அம்மக்களின் மிளகு என்றே அவர் எழுதினார். அது மிளகினும் சிறந்தது என்றும், அஃதின்றி அவர்கள் உண்பதில்லை என்றும் குறித்தார். தாவர நூற்படி மிளகுக்கும் மிளகாய்க்கும் எந்த உறவும் இல்லை. மிளகு வெற்றிலைக்கும் திப்பிலிக்கும் உறவு. மிளகாய் கத்தரிக்கும் சுண்டைக்கும் உறவு. நாவில் எரிவை மூட்டும் பொருள்களும் வேறு வேறு. மிளகாயின் உறைப்பு விலங்குகளைச் சுடும், பறவைகளைச் சுடாது. விதையை மென்று அழிப்பனவற்றை விலக்கி, விழுங்கிப் பரப்புவனவற்றை அழைக்கும் இயற்கையின் சூழ்ச்சி அது. அந்தச் சூழ்ச்சியையும் மீறி அக்காயை விரும்பித் தின்ற மனிதன் மெக்சிகோவில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதனைப் பயிராக்கிவிட்டான். பெயரிடும் வேளையில் உலகம் நாவையே நம்பியது. ஐரோப்பா அதனை ‘மிளகு’ என்றது.

போர்ச்சுக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டை அடைந்தனர். 1500இல் கப்ராலின் கப்பல்கள் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டே கோழிக்கோடு வந்தன. 1510இல் கோவா அவர்கள் கைப்பட்டது. இந்தப் போக்குவரத்தில்தான், 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மிளகாய் மேற்குக் கடற்கரையில் இறங்கியது. அதனை எவரும் விழா எடுத்து வரவேற்கவில்லை; எந்த அரசனும் பயிரிட ஆணையிட்டதாகச் செய்தி இல்லை. ஆனால் 1542இல் செருமானிய மூலிகை அறிஞர் லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ் தம் நூலில் மிளகாய்ச் செடியை வரைந்து, அதற்குக் ‘கோழிக்கோட்டு மிளகு’ என்று பெயரிட்டார். அமெரிக்காவில் பிறந்த செடியை, அதுவும் ஐம்பது ஆண்டுக்குள், இந்தியச் செடி என்று ஐரோப்பிய அறிஞர் ஒருவரே நம்பியிருக்கிறார்.

தென்னக மொழிகள் புதிய காயை எதிர்கொண்ட விதம் ஒன்றுபோலவே இருக்கிறது. தமிழ் மிளகோடு காய் சேர்த்து ‘மிளகாய்’ என்றது. தெலுங்கில் மிளகு ‘மிரியாலு’, மிளகாய் ‘மிரபகாய’. கன்னடத்தில் மிளகு ‘மெணசு’, மிளகாய் ‘மெணசினகாயி’. மலையாளமோ ஒருபடி மேலே சென்று ‘முளகு’ என்ற பெயரையே வந்த காய்க்குக் கொடுத்துவிட்டு, மண்ணில் பிறந்த மிளகைக் ‘குருமுளகு’ என்று அடைமொழியோடு அழைத்தது. ‘கப்பல் முளகு’ என்றும் மிளகாய்க்கு அங்கே ஒரு பழம்பெயர் உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு 1678க்கும் 1693க்கும் இடையே பன்னிரு தொகுதிகளாக வெளிவரச் செய்த ‘ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்’ நூலில் அப்பெயர் சிறிது திரிந்து காணப்படுகிறது. தெலுங்கு மிரியாலும் பெரும்பாணாற்றுப்படையின் மிரியலும் ஒரே சொல்லின் இரு முகங்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தமிழ் எல்லாப் புதுக் காய்களுக்கும் இந்த உரிமையைக் கொடுத்துவிடவில்லை. பறங்கிக்காய் தன் பெயரிலேயே பறங்கியரைச் சுமந்து நிற்கிறது. சீமைக் கத்தரிக்காய் சீமையிலிருந்து வந்ததை மறைக்கவில்லை. வடதமிழகத்தில் நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பெயர். பிலிப்பைன் தீவின் துறைமுகம் உழவனின் வாய்ச்சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. இவையெல்லாம் விருந்தாளியின் பெயர்கள். தக்காளியும் மிளகாயும் பெற்றவை வீட்டுப் பிள்ளையின் பெயர்கள். மணத்தக்காளி என்று முன்பே இங்கிருந்த சிறு செடியின் பெயரைத் தக்காளி பெற்றது. மிளகின் பெயரை மிளகாய் பெற்றது. ‘மிளகு போன்ற காய்’ என்று அன்று விளக்கமாகச் சொல்லப்பட்டது இன்று இடுகுறிபோல் ஆகிவிட்டது. மிளகாய் என்று சொல்பவர் எவரும் மிளகை நினைப்பதில்லை.

இத்துணை விரைவாக அது வேரூன்றியது ஏன்? விடை மண்ணில் இருக்கிறது. மிளகுக்கொடிக்கு நிழல் வேண்டும், படர மரம் வேண்டும், மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமழை வேண்டும். கொல்லிமலை போன்ற சில இடங்களைத் தவிர்த்தால் தமிழகத்தின் சமவெளி அதற்கு இசைந்ததன்று. மிளகாய்க்கு இவை எதுவும் தேவையில்லை. வானம் பார்த்த இராமநாதபுரச் சீமையில், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை நம்பி விதைத்தால் மாசி, பங்குனியில் பழம் சிவந்துவிடும். பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கங்களில் உருண்டையாகத் தடித்த தோலோடு விளையும் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நெல்லுக்கு இடமில்லாத மண் அது. கண்மாய் நிரம்பாத ஆண்டுகளே மிகுதி. அங்கே மிளகாய் காசு தரும் பயிராயிற்று. பழத்தைப் பறிப்பதும் களத்தில் பரப்பி உலர்த்துவதும் காம்பு கிள்ளித் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நெடியில் தும்மியபடியும் எரியும் விரல்களோடும் அவர்கள் செய்யும் அவ்வேலையைப் பாடிய புலவர் மிகச் சிலரே.

வெளிநாட்டு வணிகர் பொன் கொடுத்து வாங்கிய மிளகை ஏழை உழவன் கூழுக்குத் துணையாக நாள்தோறும் கடித்துக்கொண்டிருந்திருக்க முடியாது. மிளகாய் வந்தபின் உறைப்பு வாசலில் விளைந்தது. குப்பைமேட்டோரம் இரண்டு செடி நின்றால் ஒரு குடும்பத்துக்குப் போதும். காயவைத்தால் ஆண்டு முழுதும் இருக்கும். 1800–1801இல் மைசூர், கோயம்புத்தூர், மலபார் வழியே பயணம் செய்த பிரான்சிசு புக்கானன் தோட்டங்களிலும் சந்தைகளிலும் மிளகாயைப் பலமுறை கண்டு குறித்திருக்கிறார். அதற்குள் அது சாதாரணப் பண்டமாகிவிட்டது. கேழ்வரகுக் கூழும் ஒரு பச்சை மிளகாயும் என்ற உணவுக்குப் பின்னால் இருப்பது வறுமை என்பர். வறுமை மட்டுமன்று, சுங்கச் சாவடியும் வணிகனும் இடையில் நில்லாமல் ஏழையின் நாவுக்கு முதன்முதலாகக் கிடைத்த சுவையும் அதுவே. தமிழகத்துக்கு மிளகாயைக் கொணர்ந்தவர் பறங்கியர் என்பது பாதி உண்மை. அதைத் தமிழாக்கியவர்கள் கரிசல் உழவர்களும் கூலிப்பெண்களும்.

ஆயினும் சில கதவுகள் மிளகாய்க்குத் திறக்கவில்லை. அந்தணர் இல்லங்களில் முன்னோர்க்குச் செய்யும் திதிச் சமையலில் மிளகாய் சேர்வதில்லை. மிளகும் சீரகமுமே உறைப்பு. வாழைக்காய், புடலை, பாகல், சேனை, சேம்பு, பிரண்டை ஆகியன உண்டு. தக்காளி, முட்டைக்கோசு போன்றவை விலக்கு. காரணம் கேட்டால் சாத்திரம் என்பர். அந்தச் சாத்திரங்களை எழுதியோர் அறியாத காய்கள் அவை என்பதே வரலாறு தரும் விடை. இறந்துபோன முன்னோர் எதை உண்டு வாழ்ந்தனரோ அதைப் படைப்பதே முறை. அவர்களுக்கு மிளகாய் தெரியாது. அவ்வாறே காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்டலியில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் இவையே மணக்கின்றன. வெண்பொங்கலிலும் மிளகே. புளியோதரை வழியாகக் காய்ந்த மிளகாய் பல கோயில் மடைப்பள்ளிகளில் நுழைந்துவிட்டது உண்மைதான். ஆனால் பழைய தளிகைகள் பல பழைய நாவோடு நிற்கின்றன.

மூன்றாவது கதவு நோயும் பேறுகாலமும். காய்ச்சலில் கிடப்பவர்க்கு மிளகு ரசம். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் சுக்கும் திப்பிலியும் இட்ட பத்தியம். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் மருந்தின் பெயர். நல்லாதனார் இயற்றிய அறநூலின் பெயரும் அதுவே. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்ற பழமொழியும் மிளகின் மருந்துப் புகழைச் சொல்வதே. பிறப்பு, நோய், இறப்பு ஆகிய மூன்று வேளைகளில் தமிழ் வீடு ஐந்நூறு ஆண்டு பின்னோக்கிச் சென்று சமைக்கிறது. மற்ற நாள்களில் மிளகாய் ஆள்கிறது.

இவற்றை மட்டும் பார்த்தால், சடங்கு பழமையைக் காக்கும், அன்றாடம் புதுமையை ஏற்கும் என்று ஒரு விதி வகுத்துவிடத் தோன்றும். அதற்கும் மிளகாய் இடங்கொடுக்கவில்லை. குழந்தை ஓயாமல் அழுதால் தாயோ பாட்டியோ காய்ந்த மிளகாயையும் உப்பையும் கையில் மூடி மும்முறை சுற்றி அடுப்பில் இடுகிறாள். நெடி எழவில்லையென்றால் கண்பட்டது உறுதி என்பது நம்பிக்கை. கடை வாசல்களில் எலுமிச்சையோடு பச்சை மிளகாய் கோத்துத் தொங்குகிறது. கும்பகோணத்தை அடுத்த அய்யாவாடியில் பிரத்தியங்கிரா தேவிக்கு அமாவாசைதோறும் நடைபெறும் வேள்வியில் மிளகாய் வற்றல் கொட்டப்படுகிறது. கண்ணேறு கழித்தல் தொன்மையான வழக்கம். அதன் கருவியாக இருப்பதோ கப்பலில் வந்த காய். தமிழர் உணவு எது, எது வேற்று நாட்டது என்று வழக்காடுவோர் இந்த அடுப்படியில் சிறிது நின்று பார்ப்பது நலம். வந்த காலத்தை வைத்துக் கணக்கிட்டால் மிளகாய் அயல். பாட்டியின் மூடிய கையை வைத்துக் கணக்கிட்டால் அதனினும் தமிழானது அரிது.

உள்ளே வந்த காய் இப்படி நிலைகொள்ள, வெளியே சென்ற சொல்லும் அங்கே ஊன்றிக்கொண்டது. கறி என்பதைப் போர்ச்சுக்கீசியர் ‘கரில்’ என்றனர். ஆங்கிலேயர் ‘கர்ரி’ என்றனர். 1747இல் இலண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறையில் கறி சமைக்கும் குறிப்பு ஒன்று உண்டு. அதில் இருப்பவை மிளகும் வறுத்த கொத்தமல்லியும், மிளகாய் இல்லை. வரகுணனின் கல்வெட்டுக்கு அருகில் வைத்துப் பார்க்கத்தக்க குறிப்பு அது. சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் மிளகுத்தண்ணீரை ‘முல்லிகட்டானி’ ஆக்கி அதில் இறைச்சியும் சேர்த்துச் சூப்பாகக் குடித்தனர். அதனைச் சுருக்கிச் சென்னை மாகாணத்து ஆங்கிலேயருக்கே ‘முல்’ என்ற பட்டப்பெயர் வழங்கியதை 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி குறித்துள்ளது. ஆண்டவரை, ஆளப்பட்டோரின் ரசத்தைக் கொண்டு அழைத்தார்கள்.

மிளகும் மிளகாயும் தம்முள் இட்ட பெயர் வழக்கு இன்னும் ஊருக்கு ஊர் வெவ்வேறாகவே தீர்ந்திருக்கிறது. நெல்லைப் பக்கம் காய்ந்த மிளகாய் வெறும் ‘வத்தல்’. கிழக்கிலங்கையில் மிளகாய் ‘கொச்சிக்காய்’. கொச்சித் துறைமுகத்தின் நினைவு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்களத்தில் ‘மிரிஸ்’ என்றால் மிளகாய். பழைய மிளகு ‘கம்மிரிஸ்’, ஊர் மிரிஸ். குமரி மாவட்டத்தின் பலசரக்குக் கடையில் மிளகு வேண்டுவோர் ‘நல்லமிளகு’ என்று கேட்கவேண்டும். முசிறியில் பொன்னுக்கு நிகராக ஏற்றுமதியான பண்டம், தன் மலைக்குச் சற்றுக் கீழே உள்ள கடையில், தன் பெயருக்கு முன்னே ‘நல்ல’ என்று சேர்த்துச் சொன்னால்தான் பொட்டலத்தில் வருகிறது.